மூச்சுக்குக் காத்து நின்ற ஆர்மோனியம்

என் மைனி படுக்கையில் விழுந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டது ஒரே ஒரு காரியம், அதுவும் தன் தம்பியிடம். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர்.

அருமனையில் மகன் வீட்டு முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் தோட்டம். இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறி ஏறி நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். நான் கொண்டுபோன ஏத்தன்பழத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்தாள். அங்கேயும் அவர் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"லே, நான் செத்தா நீதான் பெட்டி வாசிக்கணும், கேட்டியா. எனக்க பாட்டு. வேற எவனாவது வாசிச்சான்னா நான் எழும்பிப் போயிருவேன்."

"எழும்புகதா இருந்தா இப்பமே எழும்புங்க மைனி. மீன்கறி இருக்கு, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றேன்.

மைனி சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. "வாசிக்கேன்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அவர் நடை பழகுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அக்காள்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். சர்ச்சிலும் இடுப்பிலிருந்து இறக்காமல் நின்று அந்தப் பாட்டைப் பாடுவாளாம். முதன்முதலில் பாட்டைக் காதால் கேட்டேனா, அவளுடைய விலா எலும்பால் கேட்டேனா என்று தெரியவில்லை என்பார். வளர்ந்து எங்கள் சபையின் ஆர்மோனியக்காரர் ஆனார். காலால் மிதித்து இரண்டு கையாலும் வாசிக்கிற பெரிய பெட்டி. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் கல்யாணத்துக்கு மட்டும் வேறொருவர் வாசித்தார். மாப்பிள்ளை எழுந்து போய் வாசிக்க முடியாதே. அன்றைக்கு வாசித்தவன் சுருதி விட்டான் என்று இன்றுவரை என்னிடம் குறை சொல்கிறார், நான்தான் சொல்லிவைத்துச் செய்த மாதிரி.

பிறகு கை ஆடத் தொடங்கியது. முதலில் சாயா டம்ளரில் தெரிந்தது. டாக்டர் அந்த நோய்க்கு ஏதோ வெள்ளைக்காரன் பெயரைச் சொன்னார். பெயர் என் வாயில் நிற்கவில்லை; நோய் மட்டும் எங்கள் வீட்டில் நின்றுகொண்டது. காலும் இழுக்கத் தொடங்கியது. சபைக்குக் கீபோர்டு வந்தது, வாசிக்க ஒரு வாலிபன் வந்தான், பழைய பெட்டியை இவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றி, தலை சீவித் தயாராக இருப்பார். மணி அடித்ததும் "நீ போ, எனக்குத் தல சுத்துது" என்பார். ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒரு தலைச்சுற்றல். ஒருநாள் நான் ஆராதனை முடிந்து வந்தபோது பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டையை அமுக்கப் போனால் பக்கத்துக் கட்டைகளும் கூடச் சேர்ந்து அழுதன. என்னைப் பார்த்ததும் மூடியைச் சாத்தினார். நான் கேலி பேசவில்லை. எனக்கும் சில இடங்களில் வாயை மூடத் தெரியும்.

இப்படிப்பட்ட ஆள்தான் வாசிக்கேன்க்கா என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில் என் மகளின் மகள் ஊருக்கு வந்தாள். வெளியூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆள் பாடுவதைக் கேட்டு, அதற்குத் தக்கபடி தானாக வாசிக்கிற இயந்திரம் செய்வதுதான் ஆராய்ச்சி என்றாள். நான் ஐந்தாம் கிளாஸோடு நின்றவள். என் சந்தேகங்களை நான் கேட்கத்தானே வேண்டும்.

"அது சோறு பொங்குமாடீ?"

"பொங்காது பாட்டி."

"துணி துவைக்குமா?"

"பாட்டு மட்டுந்தான்."

"அப்பம் உனக்க பாட்டா மாதிரி. புதுசா ஒண்ணு எதுக்கு செய்யா? வீட்டுலயே ஒண்ணு கெடக்கே."

"கேட்டுட்டுத்தான் கெடக்கேன்" என்றார் அவள் தாத்தா, நாற்காலியிலிருந்து.

மைனிக்குக் கொடுத்த வாக்கை நான்தான் பேத்தியிடம் அடுக்களையில் வைத்துச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஆர்மோனியத்தின் கட்டைகளை அளந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் முன்னறை ஒரு பட்டறை ஆனது. செம்புக் கம்பி சுற்றின சின்னச் சின்னக் குழாய்கள். கரண்டு போனால் குழாய்க்குள் இருக்கும் இரும்பு சட்டென்று இறங்கிக் கட்டையை அமுக்கும், கரண்டு நின்றால் எழும்பிக்கொள்ளும். அவைதான் விரல்கள். காலால் மிதிக்கிற இடத்தில் ஒரு மோட்டார். பெட்டியின் மேல் ஒரு மைக், பக்கத்தில் அவளுடைய லேப்டாப். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆர்மோனியத்துக்கு ஆஸ்பத்திரி வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். குளுக்கோஸ் பாட்டில்தான் குறைச்சல் என்றேன்.

என்ன வாசிக்க வேண்டும் என்பதை ஒரு பழைய கேசட்டிலிருந்து எடுத்தாள். இவர் நன்றாக இருந்த காலத்தில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மைனியின் பாட்டை வாசித்ததை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், இடது கை எங்கே ஏறுகிறது என்று பேத்தி ஒவ்வொன்றாக இவரிடம் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள். அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"மக்கா, வாசிக்கது இதுவா, நானா?"

"நீங்கதான் பாட்டா. வெரல் மட்டும் இதுக்க."

"கேசட்டையே போட்டா போராதா பின்ன?"

"கேசட்டு ஆளுக்காக நிக்காது. அதுபாட்டுக்குப் போவும். பாடுகவங்க பைய பாடினா இது பையப் போவும், நின்னா நிக்கும்."

வாக்குக் கொடுத்தது அவர். வாசிப்பது இரும்பு என்றால் அது எப்படி வாக்கு ஆகும் என்பதுதான் அவர் கவலை. எனக்கு அது புரிந்தது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அருமனையிலிருந்து வருகிற போன் ஒவ்வொன்றும் மைனி கஞ்சி குடிப்பது குறைந்துவிட்டது என்றுதான் சொன்னது.

முதல் சோதனைக்குப் பாட வேறு ஆள் கிடைக்காததால் நான் பாடினேன். என் குரலைப் பற்றி எனக்குத் தெரியும். காக்கை நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். இருந்தாலும் பெட்டி என்னோடு வந்தது. நான் இழுத்தால் இழுத்தது. வேண்டுமென்றே நடு வரியில் நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினேன். அது ஒரே சுரத்தைப் பிடித்தபடி, கல்யாணம் முடிந்து வந்த புது மருமகள் மாதிரி அடக்கமாக நின்றது. நான் அடுத்த வார்த்தையை எடுத்ததும் கூடவே நடந்தது. பேத்தி கைதட்டினாள். இவரும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பல பேர் பாடும்போதும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் பேத்தி. எங்கள் சபைப் பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வருகிற நாள் வந்தது. பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெட்டியில் பதித்திருந்த விரல்களைப் பார்த்து ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். இவர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். பேத்தி லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். மைனியின் பாட்டு தொடங்கியது.

எங்கள் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல்லவியிலேயே பெட்டி முந்த வேண்டும், நாங்கள் பிந்த வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆர்மோனியம் அடுத்த வரிக்கு அடி எடுத்துக் கொடுக்காமல் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். முந்திக்கொண்டு பாடினால் அகங்காரி என்று பெயர் வரும். அந்தப் பயம் எங்களுக்குக் கடவுள் பயத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாவது வரி கொஞ்சம் இழுபட்டது. துக்கப் பாட்டுதானே, இழுபட்டால் என்ன என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் பெண்கள் பெட்டி எடுத்துக் கொடுக்கட்டும் என்று பார்த்தார்கள். பெட்டி, பெண்கள் எடுக்கட்டும் என்று பார்த்தது. அவர்கள் ஒரு எழுத்தை நீட்ட, அது ஒரு சுரத்தை நீட்ட, நீண்டு நீண்டு கடைசியில் எல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. ஒரு சுரம் மட்டும் கொசு மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூலையிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "கரண்டு போச்சா?"

"கரண்டு இருக்கு. பாட்டுதான் போச்சு" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். கால் இழுபட, சுவரைப் பிடித்து, அவசரமாகப் போனார்.

சாயா குடித்துப் பெண்கள் போன பிறகு பேத்தி அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பு எனக்கதான் பாட்டா. அங்க காலேஜில பாடினவங்க அவங்களா பாடிட்டே போனாங்க. இங்க எல்லாரும் ஆர்மோனியத்தைப் பாத்துட்டு இருக்காங்க. ரெண்டு பேரும் காத்து நின்னா யாரு போவா? இவ்வளவு வேகம்னு நான் முன்னாலயே வச்சிருதேன். அப்பம் அதுவே இழுத்துட்டுப் போவும்."

"அப்பம் அது கேசட்டு" என்றார். "வேண்டாம் மக்கா. அக்காகிட்ட நான் போன்ல சொல்லிருதேன், முடியாதுன்னு."

அப்படிச் சொல்வது அவருக்குச் சுலபமாக வரவில்லை. போனைக் கையில் எடுத்தார். ஆடுகிற விரலுக்கு எண் சிக்கவில்லை. நான் போட்டுக்கொடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்லலாம், மைனி இப்பம் உறங்கியிருப்பாவ" என்றேன். பட்டப்பகலில் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

நானும் என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். பெட்டிக்கு ஒரு மணி கட்டலாம், வரிக்கு வரி மணி அடித்தால் பெண்கள் பாடிவிடுவார்கள் என்று. பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோயில் யானைக்குக் கட்டுகிற மணியை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அவள் அன்றைய பாட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"பாட்டி, பெட்டியைப் பாக்காண்டாம். பாட்டாவைப் பாருங்க."

பார்த்தேன். படத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் தோள் மேலே ஏறியது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள், பெட்டியைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலமும் எங்களுக்கு அடி எடுத்துக் கொடுத்தது கட்டை இல்லை, அவர் இழுக்கிற மூச்சு. கூடவே வாழ்ந்த எனக்கு இது தெரியவில்லை. மூச்சு என்றால் நான் அறிந்தது அவருடைய குறட்டையைத்தான்.

பேத்தி உடனே ஒரு பார்சல் வரவழைத்தாள். நெஞ்சில் கட்டுகிற ஒரு நாடா. மூச்சு இழுத்தால் நாடா விரியும், விட்டால் சுருங்கும், அது லேப்டாப்புக்குத் தெரியும். இனிப் பெட்டி பாடுகிறவர்களைக் கேட்காது, இவர் மூச்சைப் பார்க்கும். இவர் இழுத்தால் அடுத்த வரி. நீளமாக விட்டால் நீளமாகப் போகும், அழுத்தி விட்டால் சத்தம் கூடும்.

"கை ஆடுது, கால் இழுக்குது. மூச்சு உங்களுக்குச் சரியாத்தான் இருக்கு பாட்டா" என்றாள்.

நாடாவைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் பழகினார். என்னை ஏசப் போனால் பெட்டி ஊளையிட்டது. அதனால் அந்த நாட்களில் எனக்கு ஏச்சே இல்லை. நான்தான் வேண்டுமென்றே அவருக்குக் கோபம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். மூக்கை விடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார். ஒருமுறை தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். ஆர்மோனியமும் சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நாடாவைத் தடவிப் பார்த்தார்.

"இது எனக்க சிரிப்புல்லா" என்றார்.

பேத்தி லேப்டாப்பில் ஒரு பொத்தானும் வைத்திருந்தாள். நடுவில் மூச்சு முட்டினால் அதை அமுக்கலாம், பெட்டி மீதியைத் தானாக வாசித்து முடிக்கும். அதை அவரிடம் காட்டினாள்.

"அத அமுக்கப்பிடாது" என்றார். "நின்னா நிக்கட்டும்."

மைனி ஒரு விடியற்காலையில் போனாள். டெம்போவில் பெட்டியை ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் கட்டி, பேட்டரியையும் கூட வைத்து அருமனைக்குப் போனோம். பந்தல் போட்டு, மைனியைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உதட்டைப் பார்த்ததும், அவள் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்த மாதிரி எனக்கு இருந்தது.

மைனியின் மூத்த மகன் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். டெம்போவிலிருந்து இறங்குகிற கம்பிகளையும் வயர்களையும் பார்த்தான். அவன் ஏற்கெனவே ஸ்பீக்கரும் கீபோர்டும் சொல்லி வைத்திருந்தான்.

"மாமா, சாவு வீட்டுல மிசினுக்கு என்ன வேல? நாலு பேரு சிரிக்க மாட்டாவளா? அம்மையை நல்லபடியா அனுப்பணும்."

"உனக்க அம்மைக்குக் குடுத்த வாக்கு" என்றார் இவர். நோய் வந்தபின் அவர் குரலும் உள்ளே போய்விட்டது. அவன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான்.

"வாக்கு நீங்க வாசிப்பியன்னுதானே. இது நீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற முயன்றார். முடியவில்லை. நான் கழற்றினேன். நெஞ்சில் கட்டியிருந்த நாடாவை அவன் பார்த்தான். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்ன புரிந்ததோ, "ஒரு பாட்டு மட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றான்.

இவரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தோம். கை இரண்டும் மடியில் ஆடிக்கொண்டிருந்தன. தோள் ஏறியது. மூச்சை இழுத்தார். இரும்பு விரல்கள் இறங்கின. பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் வாய் திறந்தார்கள். முதல் சரணம் முழுவதும் ஒரு பிசகில்லை. அந்த இடது கை ஏறுகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேசட்டில் கேட்டது இல்லை அது. கேசட்டில் இருந்தவன் வாலிபன். இங்கே ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் தயங்கி வந்தது, கிழவனின் மூச்சு வருகிற மாதிரி.

இரண்டாவது சரணத்தின் நடுவில் அவர் அக்காளின் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. நெஞ்சு ஒரு முறை விக்கியது. அப்புறம் மூச்சு வரவில்லை. தோள் ஏறவில்லை. ஆர்மோனியம் பிடித்திருந்த சுரத்தைப் பிடித்தபடி நின்றது. பந்தலும் நின்றது. அருமனைப் பெண்களும் எங்கள் பெண்களைப் போலத்தான்.

பேத்தியின் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போனதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. நான் ஒன்றும் ஜாடை காட்டவில்லை. அவளாகத்தான் விரலை எடுத்து முந்தானையை இறுக்குவது போலத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

பந்தல் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் அந்த ஒற்றைச் சுரமும். யாராவது இப்போது சிரித்தால் இவர் இனி எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

தலைமாட்டில் நின்ற மகன்தான் பாடினான். ஒரு பாட்டு மட்டும் என்று சொன்னவன். சுருதி எங்கோ, அவன் எங்கோ. விட்ட வரியைத் தனியாக எடுத்து, அம்மாவைப் பார்த்தபடி பாடினான். அடுத்து ஒரு பெண். அடுத்து நான். பெட்டி எடுத்துக் கொடுக்காமல் நான் பாடியது அதுதான் முதல் தடவை. அகங்காரி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வரி முடியப் போகிற நேரத்தில் அவர் தோள் அசைந்தது. கிழிந்த துணி மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. ஆர்மோனியம் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. கடைசிச் சரணம் வரைக்கும் இருந்தது.

அடக்கம் முடிந்து வரும்போது டெம்போவின் முன்னிருக்கையில் நாங்கள் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். வெகு தூரம் வந்தாயிற்று. பிறகு என்னிடம் கேட்டார்.

"நடுவுல நின்னு போச்சுல்லியா?"

"நின்னுச்சு."

"அக்கா அதுக்குள்ள எழும்பிப் போயிருப்பாளோ?"

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கும் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மிசினா இருந்தா நின்னிருக்காது" என்றேன். "நீங்க வாசிச்சதுனாலதான் நின்னுச்சு. மைனிக்கு அது தெரியாமலா இருக்கும்."

அவர் வெளியே பார்த்தார். மழை விட்டிருந்தது. பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, நாடா இறுக்குகிறது, கழற்றிவிடு மக்கா என்றார். அவள் அவர் சட்டைக்குள் கையை விட்டுக் கொக்கியைத் தேடினாள்.